புறப்படும் நேரத்தில் சைக்கிளில் காற்று இல்லையா? முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

விடியற்காலையில் எழுந்து, தண்ணீர் பாட்டிலை நிரப்பி, ஷூவை மாட்டிக்கொண்டு சைக்கிளை வெளியே உருட்டினால், பின்சக்கரம் தரையோடு படுத்துக் கிடக்கிறது. நேற்று நிறுத்தும்போது நன்றாகத்தானே இருந்தது! சைக்கிள் ஓட்டுகிற எல்லோருக்கும் இப்படி ஒரு காலை வந்திருக்கும். புதிதாக ஓட்டத் தொடங்கியவர்களுக்கு முதல்முறை வரும்போது, இன்றைய பயணம் அவ்வளவுதான் என்று மனசு விட்டுப்போகும்.

விட வேண்டியதில்லை. நடுவழியில் பஞ்சர் ஆவதைவிட வீட்டு வாசலில் ஆவது எவ்வளவோ மேல். கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, சைக்கிளைக் கவிழ்த்து வைக்க இடம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, காற்று எந்த வழியாகப் போனது என்று பார்க்க நேரம் இருக்கிறது. நிறையப் பேர் இதைப் பார்ப்பதே இல்லை. பம்பை எடுத்து நாலு அடி அடித்துவிட்டுக் கிளம்புகிறார்கள். இல்லையென்றால் ஓட்டையை மட்டும் ஒட்டிவிட்டுக் கிளம்புகிறார்கள். பாதி வழியில் மறுபடியும் அதே சக்கரம் உட்கார்ந்துவிடுகிறது. காரணம் தெரிந்துவிட்டால் மீதி வேலை சின்னது. அதனால் இந்தக் கட்டுரையில் காரணத்தைத் தேடுவதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

காற்று என்ன வேலை செய்கிறது?

சைக்கிள் சக்கரத்தில் வெளியே தெரிவது டயர். அதற்குள் பாம்பு மாதிரி வளைந்து கிடப்பது டியூப். காற்றைப் பிடித்து வைப்பது டியூப்தான். டயர் அதற்குக் கவசம். சாலையைத் தொடுவதும், முள்ளையும் கல்லையும் முதலில் வாங்கிக்கொள்வதும் அதுதான். இரண்டையும் தாங்குகிற உலோக வளையம் ரிம். ரிம்மின் உட்குழியில் ஸ்போக்ஸ் கம்பிகளின் தலைகள் இருக்கும். அவை டியூபைக் குத்தாமல் இருக்க, ரிம்மைச் சுற்றி ஒரு பட்டை ஒட்டியிருக்கும். இந்தப் பட்டையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

உங்கள் எடையைத் தாங்குவது ரப்பர் என்று தோன்றலாம். ஏறக்குறைய முழுச் சுமையும் காற்றின் மேல்தான் இருக்கிறது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ, அதில் பின்சக்கரத்தின் பங்கு 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். டயரில் 60 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) காற்று இருந்தால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் நாலு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். அப்படியென்றால் தரையைத் தொடுகிற இடம் ஏறக்குறைய 12 சதுர சென்டிமீட்டர், ஒரு தீப்பெட்டியின் முகப்பைவிடச் சிறியது. காற்றழுத்தம் பாதியாகக் குறைந்தால் அதே எடையைத் தாங்க அந்த இடம் இரண்டு மடங்காக வேண்டும். அதனால்தான் காற்று குறைந்த டயர் அகன்று சப்பையாகிறது, மிதிக்க மிதிக்க இழுக்கிறது.

காற்று முழுதும் போனபின் ஓட்டினால் கதை வேறு. ரிம்மின் ஓரம் டியூபையும் டயரையும் தரையோடு வைத்து நசுக்கும். கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டினாலும், ஒரு சின்ன ஓட்டையோடு போயிருக்க வேண்டியது கிழிந்த டியூபிலும் வெட்டுப்பட்ட டயரிலும் நெளிந்த ரிம்மிலும் போய் முடியும். காற்றில்லாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகலாம், ஏறி ஓட்டக் கூடாது.

காற்று போக மூன்று வழிகள்

முதல் வழி ரப்பர் தானே. டியூபில் எந்தக் குறையும் இல்லாவிட்டாலும் காற்று மெல்ல மெல்ல ரப்பரின் ஊடாகக் கசிந்துகொண்டேதான் இருக்கும். இன்று பெரும்பாலான டியூப்கள் பியூட்டைல் ரப்பரில் செய்யப்படுகின்றன. அது காற்றை நன்றாகவே பிடித்து வைக்கும். ஆனாலும் சில வாரங்கள் நிறுத்தி வைத்த சைக்கிளில் காற்று குறைந்திருப்பது இயல்பு. பந்தயக்காரர்கள் சிலர் போடும் லேடெக்ஸ் டியூப் இன்னும் வேகமாக இறங்கும், தினமும் அடிக்க வேண்டியிருக்கும். டயர் மெல்லியதாக இருந்தால் உள்ளே இருக்கும் காற்றே குறைவு என்பதால் இறக்கமும் சீக்கிரம் தெரியும். ஆக, ஒரு மாதம் தொடாத சைக்கிளில் இரண்டு சக்கரமும் ஒரே மாதிரி தொய்ந்திருந்தால் பயப்பட வேண்டாம், காற்றை அடித்துவிட்டுப் போங்கள். ஒரு சக்கரம் கல் மாதிரி இருந்து இன்னொன்று மட்டும் படுத்திருந்தால்தான் விசாரிக்க வேண்டும்.

குளிர் இரவில் காற்றழுத்தம் குறையும் என்பது உண்மை. ஆனால் வெப்பம் 10 டிகிரி இறங்கினால் 60 பிஎஸ்ஐ டயரில் இரண்டு மூன்று பிஎஸ்ஐதான் குறையும். அதனால் டயர் தரையில் படுக்காது. குளிர்மேல் பழி போட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள்.

இரண்டாவது வழி வால்வு. இதைத்தான் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். சைக்கிளில் மூன்று வகை வால்வுகள் உண்டு. காரிலும் மோட்டார் சைக்கிளிலும் இருப்பது போன்ற தடித்த வால்வுக்கு ஷ்ரேடர் என்று பெயர். நடுவில் ஒரு சின்ன ஊசி தெரியும், அதை அழுத்தினால் காற்று வெளியேறும். மெல்லியதாக நீண்டு, உச்சியில் குட்டித் திருகு இருப்பது பிரெஸ்டா. அந்தத் திருகைத் தளர்த்திய பிறகே காற்று அடிக்க முடியும், அடித்து முடித்ததும் இறுக்க வேண்டும். மூன்றாவது, சாதாரணச் சைக்கிள்களில் நாம் காலங்காலமாகப் பார்த்து வரும் டன்லப் வால்வு, உட்ஸ் வால்வு என்றும் சொல்வார்கள். அதன் நட்டைக் கழற்றி உள்ளே இருக்கும் ஊசியை உருவினால், அதன்மேல் மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று மாட்டியிருக்கும். அதுதான் வால்டியூப்.

இந்த வால்டியூப் செய்யும் வேலை அழகானது. ஊசியின் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை இருக்கும். வால்டியூப் அதை மூடிக்கொண்டிருக்கும். பம்பு அடிக்கும்போது காற்று அந்தத் துளை வழியாக ரப்பரை விலக்கிக்கொண்டு உள்ளே போகும். அடிப்பதை நிறுத்தியதும், உள்ளே இருக்கும் காற்றே ரப்பரைத் துளையோடு ஒட்ட வைத்து அழுத்திக் கதவைச் சாத்திவிடும். ரப்பர் பழசாகி வெடித்துவிட்டாலோ பிசுபிசுத்துப் போனாலோ கதவு சரியாகச் சாத்தாது. டியூபில் ஓட்டையே இருக்காது, ஆனால் இரவோடு இரவாகக் காற்று இறங்கிவிடும். புது வால்டியூப் மாட்ட ஒரு நிமிடம் போதும். அதைப் பார்க்காமல் சக்கரத்தைக் கழற்றி, டயரைப் பிரித்து, இல்லாத ஓட்டையை அரை மணி நேரம் தேடியவர்கள் உண்டு.

மூன்றாவது வழிதான் எல்லோருக்கும் தெரிந்தது: டியூபில் ஓட்டை. முள், கண்ணாடிச் சில்லு, ஆணி, கம்பித் துண்டு என்று ஏதாவது ஒன்று டயரைத் துளைத்துக்கொண்டு டியூபைத் தொட்டிருக்கும்.

நேற்று ஓட்டும்போது போகாத காற்று இரவில் எப்படிப் போனது என்று கேட்கலாம். குத்திய முள்ளே பல நேரம் அடைப்பானாகவும் இருந்துவிடும். சன்னமான முள் ஓட்டைக்குள்ளேயே நின்றால் காற்று துளித்துளியாகத்தான் கசியும். வீடு வந்து சேரும்வரை ஒன்றும் தெரியாது. ஏழெட்டு மணி நேரம் நின்றால் டயர் காலி.

பம்பும் கடிகாரமும்

சரி, இப்போது எந்த வழி என்று எப்படித் தெரிந்துகொள்வது? எதையும் கழற்றுவதற்கு முன்னால், முழு அழுத்தத்துக்குக் காற்று அடித்துப் பாருங்கள். அப்புறம் காதைக் கொடுங்கள், கடிகாரத்தையும் பாருங்கள்.

அடிக்க அடிக்கவே உஸ் என்று சத்தம் கேட்டால், அல்லது அடித்து முடித்த இரண்டு நிமிடத்தில் டயர் தொய்ந்தால், ஓட்டை பெரியது. சக்கரத்தைக் கழற்றத் தயாராகுங்கள். சத்தம் இல்லை, ஆனால் பதினைந்து இருபது நிமிடத்தில் கட்டைவிரலுக்குக் கீழே டயர் இளகினால், மெல்லிய கசிவு. அது வால்வாகவும் இருக்கலாம், சின்ன ஓட்டையாகவும் இருக்கலாம். அரை மணி நேரம் கழித்தும் கல்லாக நின்றால், பெரும்பாலும் வெகுநாள் அடிக்காமல் விட்டதுதான் காரணம். அந்த இருபது நிமிடம் வீணாகப் போவதில்லை. ஹெல்மெட் தேடுவது, செயினுக்கு எண்ணெய் போடுவது, பையைக் கட்டுவது எல்லாம் அதற்குள் முடிந்துவிடும்.

மெல்லிய கசிவு என்றால் வால்வைத்தான் முதலில் சோதிக்க வேண்டும், ஏனென்றால் அதற்கு எதையும் பிரிக்க வேண்டாம். வால்வின் வாயில் கொஞ்சம் எச்சிலோ சோப்புத் தண்ணீரோ தடவிவிட்டுக் கூர்ந்து பாருங்கள். ஒரு குமிழி மெல்ல ஊதிப் பெருத்து வெடித்தால் குற்றவாளி அங்கேயே இருக்கிறான். ஷ்ரேடர் என்றால் உள்ளே இருக்கும் ஊசியை அதற்குரிய சின்னச் சாவியால் இறுக்க வேண்டும். பிரெஸ்டா என்றால் உச்சித் திருகு இறுகியிருக்கிறதா பாருங்கள். டன்லப் வால்வு என்றால் நட்டை இறுக்கிப் பார்த்துவிட்டு, நிற்கவில்லையென்றால் வால்டியூபை மாற்றுங்கள்.

குமிழி வரவில்லையா? அப்படியானால் ஓட்டைதான்.

பிரிக்கும் முன் ஒரு சுற்று

டயரில் கை வைப்பதற்கு முன் சக்கரத்தை ஒரு முழுச் சுற்று மெல்லச் சுற்றி, டயரின் மேற்பரப்பைப் பாருங்கள். முள்ளோ ஆணியோ கண்ணில் பட்டால் உடனே பிடுங்காதீர்கள். அந்த இடத்தில் பேனாவாலோ சாக்பீஸாலோ ஒரு குறி போட்டுவிட்டுப் பிடுங்குங்கள். டியூபில் ஓட்டை எங்கே என்பதை அந்தக் குறியே காட்டிவிடும்; தண்ணீர்கூடத் தேவைப்படாது.

இடம் தெரிந்துவிட்டால் சக்கரத்தைக் கழற்றாமலே பஞ்சர் ஒட்டலாம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி எடுத்து, டியூபை அந்த இடத்தில் ஒரு முழம் வெளியே இழுத்தால் போதும். பழகிய பஞ்சர்காரர்கள் இப்படித்தான் செய்வார்கள். செயினும் கியரும் உள்ள பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டத் தயங்குகிற புதியவருக்கு இது பெரிய நிம்மதி. டியூபையே மாற்ற வேண்டும் என்றால்தான் சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும். பின்சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன் கியரை மிகச் சின்னப் பல்சக்கரத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள், செயின் தளர்ந்து எளிதாக வரும். ரிம்மைப் பிடிக்கிற பிரேக் என்றால் அதையும் தளர்த்துங்கள். டிஸ்க் பிரேக் என்றால் சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக் பிடியை அழுத்தாதீர்கள், டிஸ்க்கைப் பிடிக்கும் பிரேக் பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

டயரை நெம்பப் பிளாஸ்டிக் டயர் லீவர்தான் நல்லது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால், இருக்கிற ஓட்டையோடு இன்னொன்றும் சேரும். காற்றை முழுதும் இறக்கிவிட்டு, டயரின் விளிம்பை இரண்டு பக்கமும் விரலால் அழுத்தி, ரிம்மின் நடுப்பள்ளத்துக்குத் தள்ளுங்கள். விளிம்பு பள்ளத்தில் இறங்கியதும் டயர் சற்றுத் தளரும். வால்வுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து நெம்பத் தொடங்கினால் சிரமம் குறைவு.

இப்படி டயரையும் டியூபையும் கையால் பிரித்தெடுக்க முடிவதே ஒரு காலத்தில் பெரிய புதுமை. காற்றடைத்த டயருக்கு ராபர்ட் வில்லியம் தாம்சன் 1840களிலேயே காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் 1888இல் ஜான் பாய்ட் டன்லப் மறுபடியும் கொண்டுவந்தபோதுதான் அது சைக்கிளில் நிலைத்தது. அந்த ஆரம்பகால டயர்களை ரிம்மோடு பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். பஞ்சர் ஆனால் பிரித்து ஒட்டப் பல மணி நேரம், காய இன்னும் பல மணி நேரம். மிஷ்லென் சகோதரர்கள் கழற்றி மாட்டும் சைக்கிள் டயரைக் கொண்டுவந்தது 1891இல். அதே ஆண்டு பாரிஸிலிருந்து பிரெஸ்டுக்குப் போய்த் திரும்பும் 1200 கிலோமீட்டர் பந்தயத்தில் சார்ல் தெரோன் அந்த டயரோடு ஓட்டி வென்றார். நம் கையில் இருக்கும் லீவருக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது என்பது எனக்கு எப்போதுமே மகிழ்ச்சி தருகிற விஷயம்.

ஓட்டை இருக்கும் இடமே பதில்

டியூபை வெளியே எடுத்ததும் அதை எந்தப் பக்கமாக எடுத்தீர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். காற்று அடித்து, காதருகே அல்லது உதட்டருகே கொண்டுபோய் மெல்ல நகர்த்துங்கள். உதட்டுத் தோலுக்குச் சன்னமான காற்றும் தெரியும். தெரியவில்லையென்றால் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, டியூபைப் பகுதி பகுதியாக முக்குங்கள். டியூபைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் மூடிக் கிடக்கும் ஓட்டையும் வாய் திறக்கும். முதலில் ஒட்டிக்கொண்டு வரும் குமிழிகளை நம்ப வேண்டாம். ஒரே இடத்திலிருந்து சரம் சரமாக வந்துகொண்டே இருப்பதுதான் ஓட்டை. அதைச் சுற்றிப் பேனாவால் பெரிய வட்டம் போடுங்கள். வட்டத்தை ஓட்டைக்கு ஒட்டிப் போட்டால் தேய்க்கும்போது அழிந்துவிடும்.

இனி டியூபை டயரின் மேல் பொருத்தி வைத்துப் பாருங்கள். வால்வு ஒரு அடையாளம். டயரின் பக்கவாட்டில் இருக்கும் எழுத்தை வால்வுக்கு நேராக வைத்து மாட்டும் பழக்கம் அதற்காகத்தான் வந்தது. வால்விலிருந்து எத்தனை சாண் தூரத்தில் டியூபில் ஓட்டையோ, அத்தனை சாண் தூரத்தில்தான் டயரிலும் முள் இருக்கும். டியூபைத் திருப்பிப் பிடித்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் வால்வின் இரண்டு பக்கமும் பாருங்கள்.

ஓட்டை டியூபின் வெளிப்புறத்தில், அதாவது சாலையைப் பார்த்த பக்கத்தில் இருந்தால், டயரைத் துளைத்துக்கொண்டு ஏதோ வந்திருக்கிறது. உட்புறத்தில், ரிம்மைப் பார்த்த பக்கத்தில் இருந்தால் சாலைமேல் குற்றமில்லை. ரிம் பட்டை விலகியிருக்கும், அல்லது ஸ்போக்ஸ் கம்பியின் தலை உயர்ந்திருக்கும். முன்பு சொன்ன பட்டை இதுதான். பட்டையைச் சரிசெய்யாமல் எத்தனை டியூப் மாற்றினாலும் அதே இடத்தில் குத்தும்.

பாம்பு கடித்தது மாதிரி அடுத்தடுத்து இரண்டு கீறல் இருந்தால், காற்று குறைவாக இருந்தபோது பள்ளத்திலோ கல்லிலோ மோதி, ரிம்மின் இரண்டு ஓரமும் டியூபை நசுக்கியிருக்கின்றன. அதற்கு மருந்து இனிமேல் சரியான அளவு காற்று. வால்வின் அடியிலேயே கிழிந்திருந்தால் ஒட்டிப் பயனில்லை, டியூபை மாற்றுங்கள். காற்று குறைவாக ஓட்டும்போது டயர் ரிம்மின் மேல் நகரும், டியூபும் சேர்ந்து நகரும், வால்வு மட்டும் துளைக்குள் மாட்டிக்கொண்டு நிற்கும். அந்த இழுப்பில்தான் அடிப்பகுதி கிழிகிறது. வால்வு சாய்ந்து நிற்பதைப் பார்த்தால் அது அதற்கு முன்னறிவிப்பு.

நான் சைக்கிள் ஓட்டத் தொடங்கிய புதிதில், ஒரே வாரத்தில் மூன்று முறை பின்சக்கரம் இறங்கியது. மூன்று முறையும் ஒட்டினேன். மூன்றாவது முறைதான் டியூபை விரித்து வைத்துப் பார்த்தேன்: மூன்று ஒட்டும் ஒரே இடத்தில், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருந்தன. டயரின் உள்பக்கம் பலமுறை பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து டயருக்குள் மெல்லத் தடவிக்கொண்டே போனேன். ஒரு இடத்தில் பஞ்சு சிக்கி, நாலைந்து இழை மட்டும் நின்றது. அங்கே டயரை வெளிப்பக்கமாக வளைத்தபோது, தலைமுடி அளவுக்கு மெல்லிய கம்பி நுனி மின்னியது. லாரி டயர் தேய்ந்து வெடிக்கும்போது அதற்குள் இருக்கும் எஃகுக் கம்பிகள் சாலையில் சிதறும், அதில் ஒரு துண்டு. இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. இடுக்கியால் பிடித்து இழுத்தேன். அதற்குப் பிறகு அந்த டயர் ஒரு வருடத்துக்குமேல் பஞ்சர் ஆகவில்லை.

அதனால்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: டயருக்குள் இருப்பதை எடுக்காமல் டியூபைத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள். வெறும் விரலால் வேகமாகத் தடவ வேண்டாம், கண்ணாடிச் சில்லு விரலைக் கிழிக்கும். பஞ்சோ பழைய துணியோ போதும், எது இருந்தாலும் அதில் சிக்கும்.

ஒட்டுவதா, மாற்றுவதா?

கிளம்ப வேண்டிய நேரம் நெருங்கிவிட்டது என்றால், என் கருத்தில், புது டியூபைப் போட்டுவிட்டுப் போங்கள், பழையதை வீட்டுக்கு வந்து ஒட்டலாம். அவசரத்தில் ஒட்டிய ஒட்டு நிற்காது. மாற்று டியூப் இல்லையென்றால் இருபது நிமிடம் தாமதமாகக் கிளம்பத் தயாராகுங்கள்.

டியூப் வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் பாருங்கள். 28-622 என்று இருந்தால், டயரின் அகலம் 28 மில்லிமீட்டர், அது உட்காரும் ரிம்மின் விட்டம் 622 மில்லிமீட்டர். அங்குலக் கணக்கு ஏமாற்றும்: இரண்டு டயரிலும் 26 என்றே போட்டிருக்கும், ஆனால் ஒன்று 559, இன்னொன்று 590. இந்த மில்லிமீட்டர் எண் பொய் சொல்லாது. வால்வு வகையும் பொருந்த வேண்டும். பிரெஸ்டாவுக்கான ரிம் துளை மெல்லியது, அதில் ஷ்ரேடர் நுழையாது.

ஒட்டுவதில் எல்லோரும் தவறுவது ஒரே இடத்தில். ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்க்க வேண்டும், பேட்சைவிட, அதாவது ஓட்டையின் மேல் ஒட்டும் ரப்பர் துண்டைவிட அகலமாக. டியூபில் அச்சு வரி ஒன்று மேடாக ஓடும். அது குறுக்கே வந்தால் அதையும் தேய்த்துச் சமமாக்குங்கள், இல்லையென்றால் அந்த வரியின் ஓரமாகவே காற்று கசியும். தூசியைத் துடைத்துவிட்டு ரப்பர் சொல்யூஷனை மெல்லியதாகத் தடவுங்கள். அப்புறம் காத்திருக்க வேண்டும். இங்கேதான் தவறுகிறோம். சொல்யூஷன் ஈரமாக இருக்கும்போதே பேட்சை வைத்து அழுத்திவிடுகிறோம். அது சாதாரணக் கோந்து மாதிரி ஈரத்தில் ஒட்டுவது இல்லை. அதில் இருக்கும் திரவம் ஆவியாகிப் போய், மினுமினுப்பு மங்கி, ஈரம் காய்ந்த பிறகுதான் பேட்சோடு சரியாகப் பிடிக்கும். ஐந்து நிமிடமாவது விடுங்கள். ஊதிக் காயவைக்காதீர்கள், வாயின் ஈரம் படும். விரலால் தொட்டும் பார்க்காதீர்கள்.

காய்ந்ததும் பேட்சின் அடித்தாளை உரித்து, ஓட்டைக்கு நடுவாக வைத்து, மையத்திலிருந்து ஓரத்துக்கு ஸ்பூனின் முதுகாலோ ஸ்க்ரூ டிரைவரின் பிடியாலோ பலமாக அழுத்தித் தேய்க்கவும். மேலே இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்க முயன்று ஓரத்தைத் தூக்கிவிடாதீர்கள். அது அப்படியே இருக்கலாம். சுற்றிலும் கொஞ்சம் பவுடர் தூவினால் டயரோடு ஒட்டிக்கொள்ளாது. சொல்யூஷன் வேண்டாத ஸ்டிக்கர் பேட்சுகளும் கிடைக்கின்றன. வழியில் கைகொடுக்கும், ஆனால் நெடுநாள் நிற்பதற்கு நான் சொல்யூஷன் பேட்சைத்தான் நம்புவேன்.

டியூப் இல்லாத டயர் என்றால் வழி வேறு. அதற்குள் ஊற்றிய சீலன்ட் திரவம் சின்ன ஓட்டைகளைத் தானே அடைத்துவிடும். இரவில் காற்று இறங்கியிருந்தால் சீலன்ட் காய்ந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். சில மாதங்களில் அது காய்ந்துவிடும், புதிதாக ஊற்ற வேண்டும்.

திரும்ப மாட்டும்போது

டியூபில் வாயால் ஊதுகிற அளவுக்குக் கொஞ்சம் காற்று விடுங்கள், உருண்டையாக நின்றால் போதும். அப்போது அது மடியாது, முறுக்கிக்கொள்ளாது. வால்வை ரிம் துளையில் நுழைத்து, டியூபை டயருக்குள் சுற்றிலும் ஒதுக்கிவிட்டு, விளிம்பை வால்வுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து உள்ளே தள்ளத் தொடங்கி வால்வில் வந்து முடியுங்கள். கடைசி ஒரு சாண் இறுக்கமாக இருக்கும். உடனே லீவரைத் தேடாமல், எதிர்ப்பக்க விளிம்பை மறுபடியும் நடுப்பள்ளத்துக்குத் தள்ளிவிட்டு, இரண்டு உள்ளங்கையாலும் உருட்டி ஏற்றுங்கள். லீவரால் ஏற்றினால் புது டியூபையும் கிள்ளிவிட வாய்ப்புண்டு.

விளிம்பு ஏறியதும் வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி வெளியே இழுங்கள். அதன் அடியில் டியூப் மாட்டியிருந்தால் விடுபடும். பிறகு சக்கரத்தைச் சுற்றி இரண்டு பக்கமும் டயரை விரலால் ஒதுக்கிப் பாருங்கள். எங்காவது டியூப் எட்டிப் பார்த்தால் அப்படியே காற்று அடிக்கக் கூடாது, அடித்தால் அங்கே பட்டென்று வெடிக்கும். பாதி அழுத்தத்துக்கு அடித்து நிறுத்தி, ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே உயரத்தில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் முழுதும் அடியுங்கள்.

எவ்வளவு அடிப்பது? டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும், பிஎஸ்ஐயிலோ பாரிலோ. ஒரு பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. பொதுவாகச் சொன்னால் 25 மில்லிமீட்டர் ரோடு டயருக்கு 80 முதல் 100 பிஎஸ்ஐ, 35 முதல் 40 மில்லிமீட்டர் டயருக்கு 45 முதல் 65, இரண்டு அங்குல மலைச் சைக்கிள் டயருக்கு 30 முதல் 45. எடை கூடினால் கொஞ்சம் கூட்டலாம், ஆனால் டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. கைக்கு அடக்கமான கார்பன் டை ஆக்சைடு குப்பியால் நிரப்பியிருந்தால், அந்த வாயு சாதாரணக் காற்றைவிட வேகமாக ரப்பர் வழியே கசியும். வீடு திரும்பியதும் அதை இறக்கிவிட்டுப் பம்பால் அடியுங்கள்.

சக்கரத்தை மாட்டியதும், அச்சின் நட்டோ விரைவுப் பூட்டோ இறுகியிருக்கிறதா, தளர்த்திய பிரேக்கைத் திரும்ப மாட்டினீர்களா என்று பாருங்கள். பஞ்சர் சரியான மகிழ்ச்சியில் பிரேக்கை மறந்துவிடுவது சுலபம். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, எங்கும் உரசவில்லை என்றால் கிளம்பலாம். ஐந்து நிமிடம் ஓட்டியபின் ஒருமுறை நிறுத்தி, டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அங்கே இளகவில்லை என்றால் நம்பிப் போகலாம்.

மாலையில் திரும்பியதும் காலையில் கழற்றிய டியூபை நிதானமாக ஒட்டி, லேசாகக் காற்று அடித்து, ஓர் ஆணியில் மாட்டிவிடுங்கள். மறுநாள் காலையிலும் உருண்டையாகவே தொங்கினால் காற்றை இறக்கி, இறுக்கிச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டுச் சீட்டுக்கு அடியில் இருக்கும் பையில் வையுங்கள். அடுத்த பஞ்சருக்கு மாற்று டியூப் தயார்.